வேற்று மதத்தில் காதல், கல்யாணம்: கொடைக்கானல் பத்திர எழுத்தர் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், தானம், விடுதலை, குத்தகை என்று எழுதிக்கொண்டிருக்கும் மேசைக்கு அவ்வப்போது ஒரு ஜோடி வந்து நிற்கும். பையன் பேசுவான், பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "சார், ஸ்பெஷல் மேரேஜ் ஃபாரம் இங்கதானே?" என்று ஆரம்பிப்பார்கள். ஃபாரத்தில் இருப்பது பெயர், வயது, தொழில், முகவரி. அவர்கள் கேட்க வந்தது வேறு. அது எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படிப் போய் நின்றவன். எங்கள் வீடு முருகனைக் கும்பிடுகிற வீடு, மனைவி ஆர்.சி. 1998-ல் கல்யாணம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கட்டிக்கொள்கிறவர் நம் மதமாக இருப்பது முக்கியமா?

எந்த மதம் என்பதைவிட, அதை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். இருவரின் பிடியும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் சாமி வேறானாலும் வண்டி ஓடும். ஒருவர் இறுக்கம், ஒருவர் தளர்வு என்றால் ஒரே சாமியாக இருந்தாலும் இழுபறிதான்.

என் தங்கையை வத்தலக்குண்டில் கொடுத்தோம். ஒரே சாதி, ஒரே சாமி, பத்துப் பொருத்தத்தில் எட்டு. மாப்பிள்ளை கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். 41 நாள். விடியற்காலை நாலரைக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல், வெளிச்சாப்பாடு கிடையாது, தனிப் பாய். மாதத்தில் அந்த மூன்று நாள் தங்கை பக்கத்து வீட்டில் போய்ப் படுக்க வேண்டும். சரி, ஒரு மண்டலம்தானே என்று பல்லைக் கடித்தாள். மாலையைக் கழற்றி மூச்சுவிடுவதற்குள் தைப்பூசம் வந்தது, பழனிக்குப் பாதயாத்திரை, பச்சை வேட்டி. அப்புறம் பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக் காவடி. இவளோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிக்கிறவள். மூன்றாவது வருடம் எனக்கு ஃபோன் போட்டாள்: "அண்ணே, அவரு கட்டினது என்னையா, குருசாமியையா?"

மச்சானைக் குறை சொல்ல வரவில்லை. அவருடைய பக்தி நிஜம். ஜாதகம் பார்த்தவர் எட்டுப் பொருத்தம் பார்த்தார், இதை மட்டும் பார்க்கவில்லை.

அதற்காக மதம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பெண், தன் சபையைச் சேராதவர்களுக்கு மீட்பு இல்லை என்று மனதார நம்புகிறவள். அவள் காதலித்த பையன் இந்து. "அவரு நரகத்துக்குப் போவாருன்னு நினைச்சா தூக்கம் வரலை சார்" என்றாள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்க முடியும்? ஃபாரத்தை எடுத்து வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினேன். அவர்கள் வரவில்லை.

இரண்டு வருடமாகப் பழகுகிறோம். மதம் ஒருநாளும் குறுக்கே வரவில்லையே?

பழகும் காலத்தில் வராது. இருவரும் அவரவர் வீட்டில் சாப்பிடுகிறீர்கள், அவரவர் வீட்டில் கும்பிடுகிறீர்கள், சந்திப்பது ஏரிக்கரையில். ஏரிக்கு மதம் கிடையாது.

2024-ல் காதலர் தினமும் சாம்பல் புதனும் ஒரே நாளில் வந்தன, பிப்ரவரி 14. ஹோம்மேட் சாக்லேட் கடையில் வேலை பார்க்கிற ஒரு பையன், முதலாளியிடம் கேட்டு நல்ல பாதாம் சாக்லேட்டாகப் பொறுக்கி, ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறான். எதிரே நின்ற பெண்ணின் நெற்றியில் சாம்பல். "நீ எப்ப விபூதி வைக்க ஆரம்பிச்சே?" என்றிருக்கிறான். அவள் தவக்காலம் ஆரம்பம் என்று விளக்கி, மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே போவோம் என்று சொல்லித்தான் சாமியார் பூசுவார் என்றும் சொல்லி, கடைசியாக இந்த வருடம் தவக்காலம் முழுக்க இனிப்பை ஒறுத்திருக்கிறேன் என்றாளாம். சாக்லேட் கடைக்காரனிடம்!

இதைச் சொல்லும்போது இருவரும் என் மேசை முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்புறம் என்ன பண்ணினே?" என்று கேட்டேன். "ஈஸ்டர் வரைக்கும் கடை ஃப்ரிட்ஜ்லயே பேர் எழுதி வெச்சிருந்தேன் சார்" என்றான். அவனுக்கு உபவாசமும் தெரியாது, பைபிளும் தெரியாது. ஆனால் கிண்டல் செய்யவில்லை, ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன என்று வற்புறுத்தவும் இல்லை. அவர்களுக்கு நான் அன்றைக்கே கல்யாணப் பதிவுக்கான நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன்.

எனவே பழகும் காலத்திலேயே ஒருவர் மற்றவரின் முக்கியமான நாளில் கூடப் போய் நில்லுங்கள். ஆகஸ்ட் 15 சலேத் மாதா தேருக்கு நம் ஊரில் எல்லோரும்தான் போகிறோம், அது கணக்கில் வராது. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி வழிபாட்டுக்குப் போய்ப் பாருங்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும்போது கூட நின்று பாருங்கள். ரம்ஜான் நோன்பில் ஒருநாள், விடியலுக்கு முந்தைய ஸஹர் நேரத்திலிருந்து மாலை பாங்கு வரை, பக்கத்தில் இருந்து பாருங்கள். உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் எதையெல்லாம் பேசிவிட வேண்டும்?

பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். "கடவுள் ஒருவரே" என்று இருவரும் தலையாட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. கேட்க வேண்டியது: வீட்டில் சாமி படம் எந்தச் சுவரில்? புரட்டாசி சனிக்கிழமை கறி எடுக்கலாமா? ஞாயிறு காலை யார் எங்கே? மாமியார் திருநீறு பூச வந்தால் நெற்றியைக் காட்டுவாயா, நகர்த்துவாயா? பிரசாதம் கையில் வாங்குவாயா? சில சபைகளில் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் பொங்கல் கிண்ணத்தோடு ஒரு சண்டை வரும்.

எல்லாவற்றையும்விடப் பணம். இதை ஒருவரும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மனைவி தன் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுத்து வந்தார். கணவருக்கு அது தெரியவந்தது வீட்டுக்கடனுக்கு பாங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தபோதுதான். அவர் குதித்தார். அந்த அம்மா அமைதியாக, "நீங்க போன வருஷம் பழனியில உண்டியல்ல போட்டது எவ்வளவு?" என்று கேட்டார். வெண்டைக்காய்க்கும் பூண்டுக்கும் ரூபாய் ரூபாயாகப் பேரம் பேசுகிற மனுஷன், நேர்த்திக்கடன் என்று ஐயாயிரத்தை மடித்துப் போட்டிருக்கிறார். அவரும் சொல்லவில்லை, அவரும் கணக்கு வைக்கவில்லை. இப்போது இருவருக்கும் ஒரே நோட்டு.

கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதாதா?

இருவரும் இந்து என்றால் போதும், அப்புறம் பதிவு செய்யுங்கள். ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்து, மதம் மாறாமல் கோயிலில் தாலி கட்டினால் அது சட்டப்படி கல்யாணமே ஆகாது. இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்குத்தான். ரோமன் கத்தோலிக்க ஆண், இந்துப் பெண், கோயிலில் கல்யாணம் என்ற ஒரு வழக்கில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்கு உரிய சுயமரியாதைத் திருமணப் பிரிவும் (7-ஏ) அதே சட்டத்துக்குள் இருப்பதுதான், அங்கேயும் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். போட்டோ ஆல்பம் எவ்வளவு கனமாக இருந்தாலும், பென்ஷனுக்கும் வாரிசுச் சான்றுக்கும் போய் நிற்கும்போது அது எடுபடாது.

அப்படியானால் எந்தச் சட்டத்தில் செய்வது? எத்தனை நாள் ஆகும்?

1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டியதில்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த எல்லையில் கடைசி 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தால் அதைப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் கழித்து, ஆட்சேபணை இல்லையென்றால், மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"எங்களுக்குப் பிடிக்கவில்லை", "வேற சாமி கும்பிடுகிறவன்" என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. வயது குறைவு, ஏற்கெனவே உயிரோடு துணை இருப்பது, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, இவை மட்டும்தான்.

ஆனால் அந்த 30 நாள் இருக்கிறதே, அதுதான் கண்டம். பலகையில் ஒட்டிய காகிதத்தை ஊரே பார்க்கலாம். சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள், அது மகிழ்ச்சிக்கு. இது அப்படியில்லை. நாங்கள் இந்த ஊரில் வேண்டாமென்று கீழே ஒரு ஊரில் ஒரு மாதம் அறை எடுத்து, அங்கே கொடுத்தோம். அப்படியும் பன்னிரண்டாம் நாள் யாரோ பார்த்து மாமனாருக்குத் தகவல் போனது. அவர் பஸ் பிடித்து வந்து பலகை முன்னால் நின்று, மகளுடைய பெயரை விரல் வைத்துப் படித்தாராம். எங்களிடம் வரவில்லை. திரும்பிப் போய்விட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மதம் மாறாமல் சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ செய்ய முடியுமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் முடியும். ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும், பங்குச்சாமியார் மூலம் விண்ணப்பம் போகும். கத்தோலிக்கர் தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று வாக்கு கொடுக்க வேண்டும். மற்றவர் எதிலும் கையெழுத்திட்டு மாற வேண்டியதில்லை, அந்த வாக்கு அவருக்குத் தெரியப்படுத்தப்படும், அவ்வளவுதான். 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்கிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் போதகர் முதலில் முழுக்கு ஞானஸ்நானம் கேட்பார்.

நிக்காஹ் என்றால் இந்துத் துணை பொதுவாக இஸ்லாத்தை ஏற்கும்படி கேட்கப்படுவார். முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் நடந்த நிக்காஹ் முறைகேடானது, ஆனால் அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தச் சிக்கல் எதற்கு? 1954 சட்டத்தில் பதிந்துவிட்டு, துஆவோ ஜெபமோ வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை வேண்டாமென்று நானே மாறிவிடட்டுமா?

கல்யாணத்துக்காக மட்டும் மாறாதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 1936-ல் அதைக் கட்டியது ஒரு வெள்ளைக்கார அம்மையார். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் பெற்று, சைவத்துக்கு வந்தவர். இராமநாதன் 1930-ல் காலமாகிவிட்டார். அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் இங்கே கோயில் எழுந்தது. சந்தோஷப்படுத்தக் கணவர் இல்லை, மெச்சிக்கொள்ள மாமியார் இல்லை. பழனி மலை கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து முருகனை வைத்திருக்கிறார். அப்படி ஒரு மாற்றம் உங்களுக்குள் நடந்திருந்தால் யார் தடுத்தாலும் நிற்காது. மண்டபம் புக் செய்த தேதிக்குள் முடிக்க வேண்டிய மாற்றம் என்றால், இரண்டாவது பிரசவத்துக்குள் கசக்க ஆரம்பிக்கும்.

என் எஸ்.சி. சான்றிதழ் என்ன ஆகும்?

கல்யாணத்தால் ஒன்றும் ஆகாது. மதம் மாறினால் ஆகும். 1950-ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும்தான். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மதம் என்று வாழும் வீடுகள் மலையில் எத்தனை இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், அந்த ஆணையை எழுதியவர்கள் பதில் சொல்லட்டும். சர்ச் பதிவேட்டில் பெயர் ஏறும் முன்னால் யோசியுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

குழந்தை எந்த மதம்?

ஜோடிகள் சிரித்துக்கொண்டே, "அது வளர்ந்து முடிவு பண்ணிக்கட்டும் சார்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குழந்தை பதினெட்டு வயதில் பிறப்பதில்லை. முப்பதாம் நாள் பெயர் வைக்க வேண்டும், மொட்டை அடிப்பதா ஞானஸ்நானமா என்று இரண்டு பாட்டிகளும் காத்திருப்பார்கள். அப்போது முடிவு எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதை யாராவது ஒரு பாட்டி எடுத்துவிடுவார்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, என் அம்மா மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பழனி பஸ் ஏறிவிட்டார். 64 கிலோமீட்டர் மலை இறக்கம். சாயங்காலம் குழந்தை சந்தனத் தலையோடு வந்து இறங்கியது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று வாரம் என்னோடும் பேசவில்லை. கோபம் மொட்டைக்கு இல்லை, எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு. ஆமாம், தெரியும். அம்மாவிடம் வேண்டாமென்று சொல்லத் தைரியம் இல்லாமல் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு மகளுக்கு ஞானஸ்நானம் ஆனது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சாதி, மதம் எழுதாமல் காலியாக விடலாம், தமிழ்நாட்டு அரசு 1973-லேயே ஆணை போட்டிருக்கிறது. ஃபாரத்தைத் தருகிறவருக்கே சில சமயம் அது தெரியாது, நிதானமாகச் சொல்லுங்கள்.

வீட்டில் சம்மதிக்கவே மாட்டார்கள். என்ன செய்வது?

நீங்கள் மட்டும் இல்லை. 2021-ல் வெளியான பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில், இந்துக்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் முஸ்லிம்களில் ஐந்தில் நான்கு பங்கினரும், தங்கள் பெண்கள் வேறு மதத்தில் மணம் முடிப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று சொல்லியிருந்தார்கள்.

என் அனுபவத்தில், பெற்றோர் மதம் என்று சொல்லும்போது பாதி நேரம் அவர்கள் மனதில் இருப்பது சாதி. ஆர்.சி. மாப்பிள்ளை என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், "நம்ம ஆளுங்கதான், ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி மாறினாங்க" என்று தெரிந்ததும் காபி வந்துவிடும். கிறிஸ்தவ வீடுகளிலும் இதே கதைதான். எதிர்ப்பது எதை என்று தெரிந்தால்தான் எப்படிப் பேசுவது என்று தெரியும். மதம்தான் பயம் என்றால் பேசிப் பழக்கலாம், என் மாமனார் ஐந்தாவது வருடம் வந்தார். சாதி என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், பாதுகாப்பைப் பாருங்கள். மிரட்டல் இருந்தால் தயங்காமல் போலீசுக்குப் போங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைக்க வேண்டுமென்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

சொத்து?

கூட்டுக்குடும்பத்து இந்து, வேறு மதத்தவரை 1954 சட்டத்தில் மணந்தால் அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கொள்ளப்படுவார். அதனால் அவருக்குச் சேர வேண்டிய பங்கு போய்விடாது. அதன்பின் அவருடைய சொத்து 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும். இருவரும் இந்து என்றால் இது பொருந்தாது. உயில் எழுதி வையுங்கள், குழப்பம் இருக்காது.

ஒருவருக்குச் சாமி நம்பிக்கையே இல்லை என்றால்?

பிரச்சினை இல்லை, கேலி பேசாதவரை.

இத்தனை வருடம் கழித்து, இன்னும் தீராத விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு. எங்கே போவது என்பது. என் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். அவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் தன் அம்மா பக்கத்தில் இடம் வேண்டும். கத்தோலிக்கர்களும் எரிக்கலாம் என்று 1963-லேயே ரோமில் அனுமதித்துவிட்டார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னேன். "அப்ப இந்துக்களையும் புதைக்கலாம்னு யாராவது சொல்லியிருக்காங்களான்னு பாருங்க" என்றாள்.

ஒவ்வொரு நவம்பர் 2-ம் தேதியும் கல்லறைத் திருநாளுக்குக் கூடப் போகிறேன். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. நான் என் குடையைச் சாய்த்துப் பிடிப்பேன், அவள் பொருத்துவாள். போன வருடம் மாமியார் கல்லறைக்குப் பக்கத்துப் புல்லைக் காலால் தள்ளிப் பார்த்து, "ரெண்டு பேருக்கு இடம் இருக்கும்" என்றாள். "ராத்திரி இங்கே குளிரும்டி" என்றேன். ஊருக்கெல்லாம் உயில் எழுதிக் கொடுக்கிறேன், எங்களுடையதை இன்னும் எழுதவில்லை.